லூப் போடாத வீடு

என் மனைவிக்குச் சிரித்தால் சிறுநீர் வந்துவிடும். இருமினாலும் வரும், தும்மினாலும் வரும், தண்ணீர்க் குடத்தை இடுப்புக்கு ஏற்றினாலும் வரும். முதல் பிரசவத்தோடு வந்த வினை அது. நானோ பஸ் கண்டக்டர். பென்னாகரத்திலிருந்து மாரண்டஹள்ளி வரை என் வாய்க்காகவே எங்கள் வண்டிக்குக் காத்திருந்து ஏறுகிறவர்கள் உண்டு என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தவன். அப்படிப்பட்டவனுக்கு இப்படி ஒரு மனைவி. ஆண்டவருக்கு என்னைவிடக் குறும்பு அதிகம்.

இந்த விஷயம் எனக்குத் தெரியவே ஒன்றரை வருஷத்துக்குமேல் ஆயிற்று. தெரியாத காலத்தில் நான் பட்ட பீதியை முதலில் சொல்லிவிடுகிறேன். தெரிந்த பிறகு பீதி போய்விட்டது. அந்த இடத்தில் வேறு எதுவும் வந்து உட்காரவும் இல்லை.

குழந்தை பிறந்தது அறுபதுகளின் கடைசியில், மாரண்டஹள்ளிப் பக்கத்தில் அவள் தாய்வீட்டில். ஆஸ்பத்திரி என்று ஒரு பேச்சை நான்தான் எழுப்பினேன். "அங்க போனா கத்தி வெப்பாங்க மாப்ள, நம்ம வூட்ல யாரும் போனதில்ல" என்றார் மாமியார். கத்தி என்றதும் பேச்சை எழுப்பியவனே அதைப் படுக்கவும் வைத்துவிட்டேன். விடியலில் தொடங்கிய வலி மறுநாள் பொழுது சாய்கிறவரை இருந்ததாம். மருத்துவச்சி முதல் வலியிலிருந்தே முக்கச் சொன்னாளாம், கடைசியில் வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாளாம். நான் அப்போது வண்டியில் இருந்தேன். பெண் குழந்தை, இருவரும் சுகம் என்று பாலக்கோடு ஸ்டாண்டில் சேதி வந்தது. இருவரும் சுகம் என்பதை நான் அப்படியே நம்பினேன்.

அவள் குழந்தையோடு இண்டூர்ப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்ததும் மறுநாளே குடத்தை எடுத்தாள். கிணறு தூரம். யாரும் எடுக்கச் சொல்லவில்லை, எடுக்காதே என்றும் சொல்லவில்லை.

பிறகு என் பேச்சுக்கு அவள் சிரிப்பது நின்றுபோயிற்று. கல்யாணமான புதிதில், வண்டியில் நடந்ததைச் சாயங்காலம் நான் சொல்லச் சொல்ல, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்குவாள். இப்போது நான் தொண்டையைச் செருமினாலே எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள். ஆட்டோடு ஏறியவனிடம் ஆட்டுக்கும் டிக்கெட் கேட்டேனா, "அது நாலு கால்ல நிக்கிது, நான் ரெண்டு கால்ல நிக்கிறேன், சீட்டுல ஒக்காந்திருக்கிறவன்கிட்ட கேளுங்க" என்றானே, அந்தக் கதையை மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். மூன்று தடவையும் அடுப்பில் என்னவோ தீய்கிறது என்று எழுந்து போனாள். அடுப்பே பற்றவைக்காத நேரம்.

என் பழைய வேட்டிகள் வேறு ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. வெளுத்துக் கொடியில் போட்ட வேட்டி மறுவாரம் இருக்காது. திருடன் என்றால் புது வேட்டியையல்லவா எடுப்பான். என் மேல் வெறுப்பு வந்து என் துணிகளை எரிக்கிறாள் என்று முடிவு கட்டினேன். வண்டியில் அத்தனை பேரைச் சிரிக்கவைக்கிறவன், வீட்டுக்குள் நுழையும்போது டிக்கெட் எடுக்காமல் ஏறியவனைப் போல ஓரமாக நுழைந்தேன்.

அப்போதுதான் என் அம்மா ஒரு நாள் சோறு போட்டபடியே சொன்னாள். "உன் பொண்டாட்டி நன்மை வாங்கறதில்ல, பாத்தியா."

பூசையில் அப்பம் வாங்குவதை எங்கள் ஜனம் நன்மை வாங்குவது என்று சொல்லும். எங்கள் குடியிருப்பில் இருந்தவை எல்லாம் கிறிஸ்தவ விவசாயக் குடும்பங்கள். கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், தரையில்தான் உட்காருவோம். யார் எழுந்து போய் அப்பம் வாங்கினார்கள், யார் போகவில்லை என்பது பூசை முடிந்து வாசற்படி இறங்குவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். கன்னிப்பெண் வாங்காவிட்டால் அதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். கல்யாணமானவள் தொடர்ந்து வாங்காவிட்டால் அப்போது ஒரே காரணம்தான். லூப்.

சர்க்கார் ஊரெங்கும் சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்துகொண்டிருந்த சமயம். பிள்ளை உண்டாகாமலிருக்கக் கர்ப்பப்பைக்குள் லூப் வைப்பது பாவம் என்று சாமியார் பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். அதை எடுக்காமல் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாலும் மன்னிப்பு கிடையாது. அதனால் வைத்துக்கொண்டவர்கள் நன்மை வாங்கப் போவதில்லை. எல்லாரும் மனதுக்குள் கணக்கு வைத்துக்கொண்டார்கள்.

அம்மா விடவில்லை. "கோயில்ல கதவுகிட்டயே நிக்கிறா. பாதிப் பூசையில வெளிய போயிட்டு வரா. எனக்கு ஒரு பேரன் வேணும்டா. உன்ன கேட்டுத்தான் வெச்சிகிட்டாளா?"

"என்ன கேக்காம நம்ம வூட்ல என்னா நடக்குது" என்றேன் மிடுக்காக.

அவளிடம் நேராகக் கேட்டிருக்கலாம். நேராகக் கேட்பதற்கு ஒரு தைரியம் வேண்டும். அது இல்லாதவன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன், காக்கி உடுப்போடு, டியூட்டி முடிந்த கையோடு. என் மனைவி இங்கே வந்தாளா என்று எவரிடமாவது நாசூக்காக விசாரித்துவிட்டு வந்துவிடலாம் என்பது திட்டம்.

வாசலில் கால் வைத்ததும் சுகாதார உதவியாளர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆண்களுக்குக் கருத்தடை அறுவை செய்யும் நாள் அது. ஆள் பிடித்துத் தரச் சொல்லி அவருக்கு மேலிடத்து நெருக்கடி.

"வாங்க கண்டக்டரே, ஒக்காருங்க. எத்தன கொழந்தைங்க?"

"ஒண்ணுங்க."

அவர் முகம் வாடியது. பிறகு தெளிந்தது. "ரெண்டுன்னு சொல்லிக்கலாம்."

"நான் அதுக்கு வரலீங்க."

"மொதல்ல எல்லாரும் அப்பிடித்தாங்க சொல்லுவாங்க."

என்னை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனார். பக்கத்தில் பொம்மிடிக்காரர் ஒருவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆறுதல் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

"பயப்படாதீங்க. எறும்பு கடிச்ச மாதிரி இருக்குமாம்."

"யாரு சொன்னது?"

"அவருதான்."

"அவரு பண்ணிகிட்டாரா?"

பொம்மிடிக்காரர் யோசித்தார். கொஞ்ச நேரம் கழித்து, வெற்றிலை துப்பிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். திரும்பி வரவில்லை. அவர் போனதற்கும் சேர்த்து என்னைத்தான் பிடிப்பார்கள் என்று நானும் நழுவிப் பின்பக்க வராந்தாவுக்கு ஓடினேன். அங்கே நர்ஸம்மா ஊசிகளைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். எங்கள் வண்டியில் தினமும் வருகிறவர். வந்ததுதான் வந்தோம் என்று மென்று விழுங்கிக் கேட்டேன்.

"உங்க வூட்டம்மாவா? லூப்புக்கு வரலீங்களே" என்றார். "ஒண்ணுக்கு நிக்க மாட்டேங்குதுன்னு ஒரு நாளு வந்தாங்க. புள்ள பெத்தா எல்லாருக்கும் கொஞ்சம் அப்பிடித்தான், போகப்போக சரியாயிரும்னு சொல்லி அனுப்பிச்சேன். ஏன், உங்ககிட்ட சொல்லலீங்களா?"

"சொன்னா, சொன்னா" என்றேன்.

லூப் இல்லை. அதற்குச் சந்தோஷப்படவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. சந்தோஷம் வரவில்லை, துக்கமும் வரவில்லை. சம்மணமிட்டு வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தால் கால் நம்முடையது இல்லாதது போல இருக்குமே, அப்படியே வீடு வந்து சேர்ந்தேன்.

அவள் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் வேட்டிகளைப் பார்த்தேன். சதுரம் சதுரமாகக் கிழித்து, துவைத்து, அடுக்கிவைக்கப்பட்டிருந்தன.

"நர்ஸம்மா சொன்னாங்க" என்றேன்.

கையில் இருந்த துணியை மடித்து முடித்த பிறகுதான் பேசினாள். "உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்."

"எப்பத்துல இருந்து?"

"இவ பொறந்ததுல இருந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க அத பஸ்ஸுல சொல்லுவீங்க."

சொல்லியிருப்பேனா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. பேர் போடாமல், ஊர் போடாமல் சொல்லியிருக்கலாம்.

"அடியில என்னமோ எறங்கி வந்து நிக்கிது" என்றாள். "குத்தவெச்சி ஒக்காந்தா கைக்குத் தட்டுப்படுது. கோயில்ல முட்டி போட்டு எந்திரிக்கறப்ப தானா வந்துருது. ஈரத்தோட போயி எப்பிடி நன்மை வாங்கறது? நீங்க பேச ஆரம்பிச்சாலே பயமா இருக்குது."

ஊரில் எவரும் என் வாய்க்கு இப்படி ஒரு சான்று கொடுத்ததில்லை.

டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொன்னதும் மறுப்பாள் என்று நினைத்தேன். "எப்ப?" என்றாள். தருமபுரி போகிறவரை வண்டியில் நின்றுகொண்டே வந்தாள். உட்கார்ந்தால் சீட் நனைந்துவிடுமாம்.

லேடி டாக்டர் பரிசோதித்துவிட்டு என்னையும் உள்ளே கூப்பிட்டார். இரண்டு கை விரல்களையும் கோத்துத் தொட்டில் போலக் காட்டினார். "அடியில தசை இந்த மாதிரி ஏந்திகிட்டு இருக்கணும். வழி தெறக்கறதுக்கு முன்னாடியே முக்க வெச்சிருக்காங்க, மேல வேற அழுத்தியிருக்காங்க. அப்புறம் ஒடம்பு ஆறதுக்குள்ள தண்ணி தூக்கியிருக்கீங்க. தளந்துபோச்சு. கர்ப்பப்பை கீழ எறங்கியிருக்குது."

"ஆபரேஷன் பண்ணிரலாங்களா?" என்று கேட்டேன். கேட்டவன் நான், வேர்த்ததும் எனக்கு.

"இன்னொரு கொழந்த வேணும்னா இப்ப வேணாம். அதுவரைக்கும் ஒரு ரப்பர் வளையம் வெச்சித் தாங்கிப் புடிக்கலாம். கூடவே ஒரு பயிற்சி சொல்றேன். ஒண்ணுக்குப் போறத பாதியில நிறுத்தினா எப்பிடி இழுத்துப் புடிப்பீங்க, அதுமாதிரி புடிங்க, விடுங்க. அடுப்புகிட்ட ஒக்காந்துகிட்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது." என் பக்கம் திரும்பினார். "நீங்க எதுக்குங்க மூச்சப் புடிச்சிகிட்டு இருக்கீங்க?"

நானும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். விட்டேன்.

"அடுத்த பிரசவம் வூட்ல வேணாம், இங்க வந்துருங்க" என்றார் டாக்டர்.

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "வயித்தக் கிழிச்சி எடுத்தா இப்பிடி ஆவாதுங்களா?"

"இதுக்குன்னு கிழிக்க மாட்டோம்மா. அதுல வேற கஷ்டம் இருக்குது. நாங்க பாத்துப் பண்ணுவோம், ஆனா இன்னும் எறங்காதுன்னு எழுதிக் குடுக்க முடியாது."

வளையம் வைத்துக்கொண்டு திரும்பி வரும்போது அவள் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். கண்டக்டருக்கு நின்றுதான் பழக்கம்.

"இன்னொண்ணு வேணாம்" என்றாள்.

"சரி."

"சரின்னா சரிதானா?"

"சரிதான்."

அம்மாவின் பேரன் அந்த இடத்தில் இறங்கிக்கொண்டான்.

வளையம் வேலை செய்தது. இருமினால் கொஞ்சம் கசிந்தது. முட்டி போட்டு எழுந்தால் ஒன்றும் இல்லை. அந்த ஞாயிறு பூசையில் நன்மை வாங்கப் போகிறேன் என்று வெள்ளைச் சேலையை எடுத்துத் துவைத்துக் காயவைத்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் எதற்காவது ஆசைப்படுவதைப் பார்த்தேன்.

ஆனால் டவுன் ஆஸ்பத்திரியில், நாங்கள் கிளம்பும்போது ஒரு நர்ஸ் வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து, "இந்தாம்மா, உள்ள வெச்சிருக்கறத மூணு மாசத்துல வந்து கழட்டிக் கழுவிகிட்டுப் போவணும், மறந்துராத" என்று சந்தைக்கடை போலக் கத்தியிருந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று வந்திருந்த எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி அந்த வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வைத்திருப்பது என்றால் எங்கள் ஊருக்குத் தெரிந்தது ஒன்றுதான். சனிக்கிழமை சாயங்காலம் என் அம்மா சாமியாரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

சாமியார் நல்லவர். நாற்காலி நுனியில் சங்கடத்தோடு உட்கார்ந்தார். என் அம்மா கதவருகே நின்றாள். என் மனைவி குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"ஒடம்புல என்னமோ வெச்சிருக்கறதா சொல்றாங்களேம்மா. உண்மைதானா?"

இது லூப் இல்லை, கர்ப்பப்பை இறக்கம், டாக்டர் வைத்த வளையம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். நான் எழுந்தேவிட்டேன். "சாமி, அது வந்து" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லாத பார்வை.

"காப்பி சாப்புடறீங்களா சாமி?" என்று முடித்தேன்.

"வெச்சிருக்கேங்க சாமி" என்றாள் அவள்.

"எடுத்துரலாமில்ல?"

"எடுக்க முடியாதுங்க."

"அப்ப நன்மை வாங்க முடியாதும்மா."

"தெரியுங்க சாமி."

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். சாமியார் குழந்தையின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, காப்பி குடிக்காமல் போனார். அம்மாவும் கூடவே போனாள். அவரிடம் அழவேண்டியது இன்னும் பாக்கி இருந்திருக்கும்.

"பாவசங்கீர்த்தனத்துலயாவது சாமிகிட்ட சொல்லியிரு. அது வெளிய வராது" என்றேன்.

"சொன்னா நன்மை குடுப்பாரு. சாமியே குடுக்கறாரு, அப்ப லூப் இல்ல, வேற என்னா சீக்குன்னு ஊரே நோண்டும். உங்கம்மா ஒரு வாரத்துல கண்டுபுடிச்சிருவாங்க." கொடியிலிருந்து வெள்ளைச் சேலையை உருவினாள். "லூப்புன்னே இருக்கட்டும். அதுக்காவது கவருமெண்டு செவுத்துல படம் போட்டு வெச்சிருக்குது. இதுக்கு என்னா படம் போடுவான்?"

"பாவின்னு சொல்லுவாங்களே."

"பாவி பக்கத்துல ஒக்காருவாங்க. மூத்திர நாத்தம்னா ஒக்கார மாட்டாங்க."

சேலையை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள். அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. வந்திருந்தால் இருவருக்கும் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

அதன்பிறகு எங்கள் வீட்டை லூப்பு வூடு என்றே சொன்னார்கள். அந்த லூப்பு வூட்டில் நாங்கள் தனித்தனிப் பாயில் படுத்தோம். பிள்ளை வேண்டாமென்றால் விலகி இருங்கள் என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னாரே, அதை அந்தப் பங்கிலேயே ஒழுங்காகக் கடைப்பிடித்த தம்பதி அநேகமாக நாங்கள்தான். நன்மை கிடைக்காததும் எங்களுக்குத்தான். நானும் வாங்கப் போகவில்லை. ஆசை காட்டி லூப் போடவைத்த புருஷன் என்று என்னைச் சொன்னார்கள். சொல்லட்டும் என்று விட்டேன். கோயிலில் கதவோரம் அவள் நின்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நானும் நின்றுகொண்டேன். நரகத்துக்கு ஃபுட்போர்டில் பயணம். நான் பயப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவள் பயப்பட்டதாகத் தெரியவில்லை.

எழுபதுகளில் ஒரு வருஷம். வீட்டுக்குக் கொல்லை வழியாகப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள், மோர் கேட்டு, தீக்குச்சி கேட்டு. கேட்டதைக் கையில் வாங்கிக்கொண்டும் போகாமல் நிற்பார்கள். கோயிலில் அவளைப் பார்த்து முகம் திருப்பிய அதே பெண்கள். லூப் போட்டால் வலிக்குமா, புருஷனுக்குத் தெரியுமா என்று கேட்கத்தான் வந்தார்கள். பாவத்தைப் பற்றி விசாரிக்க ஊரில் அவள் ஒருத்திதானே இருந்தாள். "எனக்கு அதப்பத்தித் தெரியாதுக்கா, நர்ஸம்மாகிட்ட கேளுங்க" என்பாள். அடக்கமாகச் சொல்கிறாள் என்று அதையும் நம்பமாட்டார்கள்.

ஒரு மத்தியானம் நான் முன்னறையில் படுத்திருந்தேன். கொல்லையில் ஒருத்தியின் குரல். மூன்று பிள்ளை பெற்றவள், அறுவடைக் காலத்தில் எங்கள் வண்டியை நிறுத்தி ஏறுகிறவள்.

"அந்த லூப்ப போட்டா இதுவும் நிக்குமாக்கா?"

"எது?"

வந்தவளின் சொம்பு கல்லில் உரசும் சத்தம் கேட்டது.

"களை எடுக்கப் போறதில்லியாமே நீ. ஏன்?" என்றாள் என் மனைவி.

"இடுப்பு வலி."

"இடுப்பு வலிக்கா துணிய இத்தன மடிப்பு வெச்சிக் கட்டியிருக்கற?"

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சும் சத்தம். "யாருகிட்டயும் சொல்லிராதக்கா."

"நான் யாருகிட்ட சொல்லப்போறேன். எங்கிட்ட யாரு பேசறாங்க. இருமினா வருதா, சும்மாவே வருதா?"

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். என் மனைவி தன்னைப் பற்றி அவளிடம் ஏதாவது சொன்னாளா என்று தெரியாது. சொல்லியிருக்கமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். கொஞ்ச நேரத்தில் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"நாளைக்கிக் காலையில டவுனுக்குப் போவணும். ரெண்டு சீட்டு புடிச்சி வைங்க."

"முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி. பின்னாடி தூக்கிப் போடும்."

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. மறுநாள் இண்டூர் ஸ்டாப்பில் இரண்டு பெண்களும் ஏறினார்கள். மற்றவள் உட்காரப் பயந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் மனைவி அவள் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தாள்.

"ஒக்காரு. நனைஞ்சா தொடச்சிக்கலாம். கண்டக்டரு நம்ம வூட்டுக்காரருதான்."